எட்டுப் பாத்திக்குப் பேர் வைத்தவர்



விஞ்ஞானி வரலாறு என்றாலே ஆப்பிள் விழுந்தது, பல்பு எரிந்தது என்றுதான் எழுதுவோம். நான் எடுத்துக்கொண்டவர் உரம் போட்ட நிலத்துக்குக் கணக்குப் போட்டவர். பெயர் ஃபிராங்க் யேட்ஸ்.

1902-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தார். அப்பா விதை வியாபாரி. இவர் மூத்தவர், பின்னால் நாலு தங்கைகள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1924-இல் பட்டம் பெற்றார். இரண்டு வருஷம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார் (நம்ம கணக்கு சார் கவனிக்கவும்!). பிறகு இன்றைய கானா நாட்டில் நில அளவைத் துறையில் வேலை. எத்தனை முறை அளந்தாலும் அளவில் கொஞ்சம் பிழை வரும், அதை வைத்துக்கொண்டே சரியான விடையை நெருங்குவது எப்படி என்பதை அங்கேதான் பழகினார்.

1931-இல் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே புள்ளியியல் துறைத் தலைவர், புகழ்பெற்ற ரொனால்ட் ஃபிஷர். 1933-இல் ஃபிஷர் லண்டனுக்குப் போனதும் அந்தப் பொறுப்பு 31 வயது யேட்ஸுக்கு வந்தது.

இனிதான் விஷயமே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றில் எது பயிருக்கு உதவுது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். நாமும் ஆய்வகத்தில் அப்படித்தானே செய்கிறோம்! அதில் ஒரு ஓட்டை இருக்கு. உரமே இல்லாமல் 10 மூட்டை, தழை மட்டும் போட்டால் 12, மணி மட்டும் போட்டால் 11 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 13 வரும் என்று நினைப்போம். நிஜத்தில் 19 வரலாம்! சேர்த்துப் போட்டுப் பார்க்காதவனுக்கு அது தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிக்கணும் என்று ஃபிஷர் 1926-லேயே வாதாடினார். மூன்று சத்து, ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. ஆக 8 பாத்தி.

இந்த எட்டுக்கும் அட்டவணையில் என்ன பேர் எழுதுவது? 1937-இல் யேட்ஸ் வெளியிட்ட சிறு நூலில் இருக்கும் முறை ரொம்ப எளிது. போட்ட சத்தின் எழுத்தை மட்டும் எழுது, போடாததை விட்டுவிடு. அவர் ஆங்கில எழுத்தில் எழுதியதை நான் தமிழில் த, ம, சா என்று எழுதுகிறேன். தழையும் சாம்பலும் போட்ட பாத்தி தசா. மூன்றும் போட்டது தமசா. எதுவுமே போடாததற்கு (1).

பூஜ்யம் போடாமல் ஏன் 1? எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இந்தப் பெயர்களை அல்ஜீப்ரா மாதிரி பெருக்கலாம். தழைச்சத்தின் பலன் தெரியணுமா? (த−1)(ம+1)(சா+1) என்று எழுதி அடைப்பைப் பிரித்துப் பாருங்கள். த உள்ள நாலு பெயருக்கும் கூட்டல் குறி, த இல்லாத நாலுக்கும் கழித்தல் குறி வரும். அந்தப் பாத்திகளின் விளைச்சலை அதே குறியோடு கூட்டி 4-ஆல் வகுத்தால் விடை. மணிச்சத்துக்குக் கழித்தல் குறியை ம பக்கத்தில் போட்டால் போதும். த, ம இரண்டிலும் போட்டால் அவை சேர்ந்து செய்யும் வேலை தெரியும். அதே எட்டுப் பாத்திதான், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுது!

வரிசையும் அப்படியே வரும். முதலில் (1), த. அவற்றை ம-வால் பெருக்கினால் ம, தம. இந்த நாலையும் சா-வால் பெருக்கினால் சா, தசா, மசா, தமசா. ஆனால் இது காகிதத்து வரிசைதான். வயலில் எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யணும். இல்லாவிட்டால் நல்ல மண் இருக்கும் மூலைக்குக் கிடைத்த உரம் பேர் வாங்கிடும்.

1948-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1954-இல் ரோத்தம்ஸ்டெட்டுக்கு எலியட் 401 என்ற கம்ப்யூட்டர் வந்தபோது வயலின் கணக்கை அதில் ஏற்றினார். 1968-இல் ஓய்வு. 1994 ஜூன் 17-இல், 92-ஆம் வயதில் மறைந்தார். அந்த வரிசைக்கு இன்றும் யேட்ஸ் வரிசை என்றே பெயர்.

நாலாவதாகச் சுண்ணாம்பையும் சேர்த்தால் 16 பெயர் வரும். வரிசையில் ஒன்பதாவது பெயர் எது? முதலில் சொல்வது யார், பார்ப்போம்!