எழுத்தே வாழ்வெனக் கொண்ட நாவலர்

நூலை எழுதுதலினும் அதனை மக்கள் கையிற் சேர்த்தல் அரிது. அவ்வருமையை அநுபவித்தறிந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர். எம்மவர் அவரைச் சைவங் காத்தவராகவே பெரிதும் போற்றுவர். எழுத்தாளராக அவர் பட்ட பாட்டையே ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

நல்லூரிலே கந்தப்பிள்ளையின் இளைய புதல்வராய் 1822 ஆம் ஆண்டு மார்கழியிற் பிறந்தார். தந்தையார் முடிக்காது விட்டிறந்த நாடகமொன்றை ஒன்பதாம் வயதிலே பாடி முடித்தார் என்பர். பின்னர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியருமாகி, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். சம்பளமும் மதிப்பும் ஒருங்கேயுள்ள பதவி அது.

1848 இல் அதனைத் துறந்தார். வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மாதமுடிவிற் சம்பளத்தை எண்ணி வாங்கும் எம்போன்ற உபாத்தியாயர்க்கு இத்துறவின் பாரம் நன்கு விளங்கும். மணமுஞ் செய்திலர். வித்தியாசாலைச் செலவுக்கோ வீடுதோறும் பிடியரிசி சேர்க்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகள் வந்தனர், அவர் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. மிசனரிமாரிடம் அச்சியந்திரமும் எளிய வசனநடைப் பிரசுரங்களும் இருந்தன. எம்மிடம் இருந்தனவோ ஏடுகளும், கற்றார்க்கே விளங்குஞ் செய்யுள்களும். ஆதலால் 1849 இலே சதாசிவப்பிள்ளையோடு சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்ததும் அப்பயணத்திலேதான். பட்டத்தினும் யந்திரமே அவருக்குப் பெரிதாயிருந்திருக்கும் என்பது எம் துணிபு.

அன்றுதொட்டு எழுதுவோரும் அச்சுப்பிழை திருத்துவோரும் பொருள் தேடுவோரும் அவரேயாயினார். பாலபாடங்கள் எழுந்தன. 1852 இலே பெரியபுராண வசனம் வெளிவந்தது. சேக்கிழார் பாட்டை ஓதமாட்டாதாரும் நாயன்மார் சரித்திரத்தைத் திண்ணையிலிருந்து வாசிக்கலாயினர். வசனத்திலே நிறுத்தக் குறிகளை ஒழுங்குபட அமைத்து, வாசிப்போன் மூச்சுவிடும் இடத்தையும் அவரே காட்டினார். பாலபாடத்தை நெட்டுருப்பண்ணிய பழைய மாணவர் இதனை மறவார்.

1861 இலே திருக்குறளைப் பரிமேலழகருரையோடு பதிப்பித்தார். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியன்றி எதனையும் அச்சுக்குக் கொடாமையால், பிழையில்லாப் பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்னும் பேர் நிலைத்தது. தாமோதரம்பிள்ளை 1868 இல் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரத்தையும் அவரே பரிசோதித்துக் கொடுத்தார். தம் நூலுக்கே நேரம் போதாதவர் பிறர் நூலுக்கு இரவைச் செலவிடுதல் எத்தகைய ஈகை!

1864 இலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டி நடத்தினார். கண்டனங்களும் வழக்குகளும் வேறு. இவ்வளவிற்கும் இடையே எழுதுகோல் ஓய்ந்திலது.

இறுதிக்காலத்திலே பெரியபுராண மூலத்துக்குச் சூசனம் எழுதலானார். தந்தையார் விட்ட நாடகத்தை முடித்தவர், தம் பணியை முடிக்கக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1879 ஆம் ஆண்டு மார்கழி 5 ஆந் தேதி அவர் சிவபதமடைந்தபோது, அச்சூசனம் காரைக்காலம்மையார் புராணத்தோடு நின்றிருந்தது.