சொல்லின் செல்வர்

தண்பொருநையாற்றின் கரையிலே, செப்பறைத் திருக்கோயிலால் புகழ்பெற்ற சிற்றூர் இராசவல்லிபுரம். அவ்வூரில் 1896-ஆம் ஆண்டு பிறந்தவர் இரா. பி. சேதுப்பிள்ளை. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்று, அங்கேயே தமிழ் கற்பித்துக்கொண்டு சட்டமும் பயின்றார். பின்னர் நெல்லைக்குத் திரும்பி வழக்கறிஞரானார்.

நகர்மன்றப் பணியும் அவரை நாடி வந்தது. அப்பொழுது நெல்லையிலே தெருப்பெயர்கள் பல உருத்திரிந்து வழங்கின. அவற்றின் பழைய வடிவத்தைத் தேடியறிந்து, அவ்வாறே வழங்கச் செய்தார். சிறு வேலையே, ஆயினும் ஒரு பெயருக்குள் ஓர் ஊரின் வரலாறே உறங்கக்கூடும் அன்றோ? பிற்காலத்தில் அவர் இயற்றிய ‘ஊரும் பேரும்’ என்னும் நூல், தமிழகமெங்கும் அவ்வாறு தேடியதன் விளைவாகும்.

1930-இல் வழக்கறிஞர் தொழிலை விடுத்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தார். தமிழாசிரியர்க்கு ஊதியமும் மதிப்பும் குறைந்திருந்த காலம் அது. வழக்குமன்றத்தில் பழகிய நாவன்மை வீண்போகவில்லை. வகுப்பறையிலும் மேடையிலும் அதுவே செந்தமிழாய்ப் பொழிந்தது. எதுகையும் மோனையும் துள்ளும் அவ்வுரைநடையைக் கேட்கக் கூட்டம் திரண்டது. தருமபுர ஆதீனத்தார் ‘சொல்லின் செல்வர்’ எனப் பட்டம் சூட்டினர்.

1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். சாகித்திய அக்காதெமி 1955-இல் தமிழுக்கு வழங்கிய முதற்பரிசு அவருடைய ‘தமிழின்பம்’ நூலுக்கே உரியதாயிற்று. 1961-இல் மறைந்த அவர், தாம் தமிழ் கற்பித்த அவ்விரு பல்கலைக்கழகங்களிலும் தம் அன்னை சொர்ணம்மாள் பெயரால் சொற்பொழிவுகள் நிகழ நிதி வழங்கியிருந்தார்.