விபத்தை மறைக்க முடியாதபடி செய்தவர்

பழைய பம்பாய் மாகாணத்தில் 1879-ல் பிறந்தவர் என்.எம். ஜோஷி. 1911-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் நலனுக்காகச் சமூக சேவா சங்கம் கண்டார். 1921 முதல் மத்திய சட்டசபையில் தொழிலாளருக்காக வாதாடினார்.

1923-ல் அங்கே நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறியது. ஆனால், சட்டம் அறியாத விதவை யாரிடம் போய்க் கேட்பாள்? ஆலைக்குள் நடந்த சாவு வெளியே தெரிய வேண்டுமே!

ஜோஷி அங்கம் வகித்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் அறிக்கை தந்தது. அதையடுத்து 1933-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆலையில் ஒருவர் விபத்தில் இறந்தால், 7 நாளுக்குள் நிர்வாகமே நஷ்ட ஈட்டுக் கமிஷனருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றாயிற்று.

கை, கால் முறிவு, கண்பார்வை இழப்பு போன்ற படுகாயங்களுக்கும் இக்கடமை 1959-ல்தான் வந்தது. அதைக் காண ஜோஷி இல்லை, 1955-லேயே காலமாகிவிட்டார்.