பின்வரிசையிலிருந்து வந்த டீச்சர்



கால் விரல் நுனியில் நின்று, வெள்ளை உடையில் பம்பரம் மாதிரி சுற்றி ஆடும் நடனத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதுதான் பாலே. பார்க்க ரொம்ப லேசாகத் தெரியும். ஆனா சின்ன வயதிலேயே ஆரம்பித்து வருஷக் கணக்கில் தினமும் பயிற்சி செய்தால்தான் மேடை ஏற முடியும். அந்த நடனத்தைக் கற்றுக் கொடுப்பதற்கே ஒரு வழியை உண்டாக்கிய டீச்சரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் அக்ரிப்பினா வகானோவா.

இவர் 1879-ம் ஆண்டு ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். அவருடைய அப்பாவுக்கு மரீன்ஸ்கி என்ற பெரிய நாடக அரங்கில் வேலை. என்ன வேலை தெரியுமா? சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுவார்களே, அது போல வருகிறவர்களுக்கு இடம் காட்டும் வேலைதான். அந்த அரங்கத்து மேடையில் தன் மகள் ஆட வேண்டும் என்றால் சும்மாவா?

சின்ன வயதிலேயே அரசு நடனப் பள்ளியில் சேர்ந்தார். உயரம் குறைவு, கால்கள் பருமன், கைகளில் நளினம் வரவில்லை. 1897-ல் படிப்பு முடிந்ததும் மரீன்ஸ்கி அரங்கிலேயே வேலை கிடைத்தது. ஆனா கூட்டத்தோடு ஆடும் வேலை. கதாநாயகி நடுவில் ஆடுவார், இவர் மற்றவர்களோடு வரிசையில் நிற்பார். அங்கே நடனங்களை அமைத்த பெரிய ஆசிரியர் பெத்திபாவுக்கு இவர் ஆட்டமே பிடிக்காது. தன் டைரியில் கூட அப்படித்தான் எழுதி வைத்தார்.

அதே பள்ளியில் இரண்டு வருஷம் பின்னால் படித்து முடித்தவர் அன்னா பாவ்லோவா. நம்ம ருக்மிணி தேவிக்கு நடன ஆர்வத்தை ஊட்டிய அதே பாவ்லோவாதான். அவருக்கு 1906-லேயே முதன்மை நடனமணி பட்டம் கிடைத்துவிட்டது. வகானோவாவுக்கு 1915-ல்தான் கிடைத்தது! அடுத்த வருஷமே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய பட்டம், மேடையில் ஒரே வருஷம்தான் இருந்தது.

ஆனா அத்தனை வருஷமும் அவர் சும்மா நிற்கவில்லை. இத்தாலி நாட்டுக்காரர்கள் எப்படித் தடுமாறாமல் சுற்றுகிறார்கள், பிரான்ஸ் நாட்டு முறையில் எப்படி இவ்வளவு மென்மை வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தன் உடம்பில் எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று யோசித்தார். சுலபமாக வந்தவர்களுக்கு இந்த யோசனை தேவைப்படவில்லை.

1917-ல் ரஷ்யாவில் புரட்சி வந்தது. மன்னர் ஆட்சி போய்விட்டது. ஊரெங்கும் பசி, குளிர். அந்த வருஷக் கடைசியில் அவருடைய கணவரும் இறந்துவிட்டார். மகனைக் காப்பாற்ற வேண்டும். நடனக்காரர்கள் நிறைய பேர் வெளிநாடு போய்விட்டார்கள். பாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு, அது எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. வகானோவா ஊரை விட்டுப் போகவில்லை. 1921-ல் தான் படித்த பள்ளியிலேயே டீச்சர் ஆனார்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம். ஒரு மாணவிக்கு ஓர் அசைவு சரியாக வரவில்லை என்றால், திட்டிவிட்டு மறுபடி ஆடு என்று விடமாட்டார். ஏன் வரவில்லை என்று அந்த மாணவியே காரணம் சொல்ல வேண்டும். கை அழகுக்கு மட்டும் இல்லை, குதிக்கவும் சுற்றவும் கையும் உதவ வேண்டும் என்பார். முதுகு உறுதியாக இருந்தால்தான் எல்லாம் நிற்கும் என்பார். இதையெல்லாம் சேர்த்து 1934-ல் புத்தகமாக எழுதினார். பல மொழிகளில் வந்த அந்தப் புத்தகம் இன்றும் பாடப் புத்தகம்தான்.

1925-ல் அவர் மாணவி மரீனா செம்யோனோவா மேடை ஏறினார். 1928-ல் கலீனா உலனோவா. இரண்டு பேரும் உலகப் புகழ் பெற்றார்கள். டீச்சருக்குக் கிடைக்காத கதாநாயகி வேஷமெல்லாம் மாணவிகளுக்குக் கிடைத்தது. 1931 முதல் 1937 வரை, தான் வரிசையில் நின்ற அதே நடனக் குழுவுக்கு அவரே தலைவி! இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் முற்றுகையில் சிக்கியபோது பள்ளியைப் பெர்ம் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் பாடம் நடந்தது.

1951 நவம்பர் 5-ல் வகானோவா இறந்தார். வயது 72. அந்த வருஷம் கூட ஒரு வகுப்பைப் படிக்க வைத்து அனுப்பியிருந்தார். 1957-ல் அந்தப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள். இப்போதும் அது வகானோவா அகாடமிதான்.

தோழிகளே, ஆண்டு விழா டான்ஸில் நானும் பின்வரிசைதான். முன்வரிசையில் நிற்பவர் ஆடுவதைப் பின்னால் நிற்பவர் பார்க்க முடியும். பார்த்து, ஏன், எப்படி என்று கேட்டால் அதுவும் ஒரு படிப்பு. கணக்குப் பாடத்துக்கும் இது பொருந்தும்! வரவில்லை என்று விட்டுவிடாமல், ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்ப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி