பஞ்சரத்தினம் கண்ட ஒளிக்கட்டம்

1934இல் கல்கத்தாவில் பிறந்த எஸ். பஞ்சரத்தினம், சர் சி.வி. இராமனுடைய சகோதரியின் மகன். பெங்களூரில் இராமன் நிறுவிய ஆய்வகத்தில் சேர்ந்து, அயோலைட்டுப் படிகத்தின் வழியே செல்லும் ஒளியின் தளவிளைவை ஆராய்ந்தார். தளவிளைவு நிலை வேறுபட்ட இரு ஒளிக்கற்றைகள் ஒரே கட்டத்தில் உள்ளன என்று எவ்வாறு அறிவது? இரண்டும் இணையும்போது ஒளிச்செறிவு பெரும அளவை எட்டினால் அவை ஒத்த கட்டத்தின என்று வரையறுத்தார். எளிய வரையறைதான்; அதிலிருந்து கிடைத்த முடிவோ வியப்புக்குரியது. தளவிளைவு நிலைகள் அனைத்தையும் ஒரு கோளப் பரப்பின் புள்ளிகளாகக் குறிக்கலாம். அப்பரப்பில் ஒளி ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய நிலைக்கே மீண்டாலும் அதன் கட்டம் பழையதாக இராது. சுற்றிய பாதை அடைக்கும் திண்மக்கோணத்தில் பாதியளவு மாறியிருக்கும். 1956இல் இம்முடிவு வெளியானபோது அவருக்கு வயது 22. அன்று அதைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

பின்னர் மைசூரிலும் ஆக்ஸ்போர்டிலும் பணியாற்றிய அவர், 1969இல் 35 வயதில் மறைந்தார். 1984இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி, குவாண்டம் இயக்கவியலில் இத்தகைய கட்டத்தை வெளிப்படுத்தினார். பஞ்சரத்தினத்தின் கட்டுரையை 1986இல் இராமசேஷனும் நித்யானந்தாவும் சுட்டிக்காட்ட, அவரது முதன்மையைப் பெர்ரியும் ஏற்று எழுதினார். திரவப்படிகத் தகட்டில் இடத்துக்கு இடம் மூலக்கூறுகளின் திசையை மாற்றி, ஒளிக்கற்றையைத் திருகுபோல் முறுக்க இன்று இயல்கிறது. அம்முறுக்கைத் தருவது பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டமே.