இருதயத்தைக் கோடு போட வைத்த மெல்லிய நூல்

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் என்ன செய்கிறார்கள்? நோயாளியைப் படுக்க வைக்கிறார்கள். கை, கால், மார்பில் ஒயர்களைப் பொருத்துகிறார்கள். சற்று நேரத்தில் ஒரு நீளக் காகிதம் வெளியே வருகிறது. அதில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள். அதுதான் இ.சி.ஜி.

அந்தக் கோட்டைத் தெளிவாக எழுத வைத்தவர் வில்லெம் ஐந்தோவன்.

1860ஆம் ஆண்டு மே மாதம் 21ந் தேதி, ஜாவாத் தீவில் உள்ள செமாரங் நகரில் பிறந்தார். அப்போது ஜாவாவை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். தகப்பனார் டாக்டர். வில்லெம் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். 1870ல் தாயார் ஆறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். ஹாலந்து நாட்டில் உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

தகப்பனாரைப் போலவே தானும் டாக்டராகி ஜாவா பக்கம் போகவேண்டும் என்பது பையனின் எண்ணம். உட்ரெக்டில் வைத்தியம் படித்தார். தேகப்பயிற்சியில் ஆசை அதிகம். ஒரு நாள் கீழே விழுந்து கை முறிந்தது. சும்மா இருந்தாரா? இல்லை! முழங்கை எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதிவிட்டார்.

1885ல் லெய்டன் சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக நியமித்தது. அப்போது வயது 25தான்! ஜாவாப் பயணம் நின்றது.

உடம்பில் எந்தத் தசை சுருங்கினாலும் சிறிது மின்சாரம் உண்டாகும். இருதயமும் ஒரு தசைதான். ஆனால் கை கால்களில் வந்து சேரும் அதன் மின்சாரம் மிக மிகச் சொற்பம். டார்ச் லைட் செல்லின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதை எப்படி அளப்பது?

லண்டனில் வாலர் என்ற விஞ்ஞானி 1887ல் அளந்து காட்டினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை வைத்து, அது ஏறி இறங்குவதைப் படம் பிடித்தார். தமது நாய் ஜிம்மியின் கால்களை உப்பு நீரில் வைத்தும் செய்து காட்டினார். ஆனால் பாதரசம் மந்தமானது. இருதயத்தின் வேகத்துக்கு அதனால் ஓட முடியவில்லை. கோடு மழுங்கியே வந்தது.

ஐந்தோவன் கணக்குப் போட்டு அந்தக் கோட்டைத் திருத்தினார். மேடு பள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று 1895ல் பெயரும் வைத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் நோயாளி என்ன ஆவது?

பாதரசத்தைத் தள்ளி வைத்தார். படிகக்கல்லை உருக்கி, அதை அம்பில் ஒட்டி எய்தார். அம்பு பாய்ந்த வேகத்தில், தலைமயிரைவிட மெல்லிய இழை நீண்டது. அதற்கு வெள்ளிப் பூச்சு பூசி, பெரிய காந்தத்தின் நடுவே கட்டினார். மின்சாரம் பாய்ந்ததும் இழை ஆடியது. அதன் நிழலைப் படம் பிடித்தார். தெளிவான கோடு!

நூல் மெல்லியது, இயந்திரமோ சுமார் 270 கிலோ! அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடவேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீரில் வைத்து உட்காரவேண்டும். அசையவும் கூடாது. அசைந்தால் கைத் தசையின் மின்சாரமும் கோட்டில் கலந்துவிடும்.

இதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியுமா? படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஆய்வுக்கூடத்துக்குத்தான் கொண்டு வர முடியுமா? 1905ல் அவர் ஒரு வழி கண்டார். ஒன்றரைக் கிலோ மீட்டர் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் கம்பி இழுத்தார். நோயாளி அங்கே, கோடு இங்கே!

இதனால் ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய பயன் இராது என்று 1911ல்கூட வாலரே நினைத்தார். லண்டன் டாக்டர் தாமஸ் லூயிஸ் அப்படி நினைக்கவில்லை. துடிப்பு தாறுமாறாகும் நோய்களை அந்தக் கோட்டில் படித்துக் காட்டினார்.

1924ல் நோபல் பரிசு வந்தது. அப்போது ஐந்தோவன் அமெரிக்காவில் பிரசங்கப் பயணத்தில் இருந்தார். பரிசு பெற்றவர் ஆற்றும் உரையில் லூயிஸின் பணியை மனமாரப் பாராட்டினார்.

அவருடைய மகன் மின்சார என்ஜினீயர். தகப்பனும் மகனும் சேர்ந்து இன்னும் மெல்லிய இழையை, காற்று நீக்கிய கூட்டுக்குள் கட்டினார்கள். வானொலித் தந்தியை வாங்குவதற்காக! பத்து வயதில் ஐந்தோவன் விட்டுவந்த ஜாவாவிலிருந்து வந்த சமிக்ஞைகளுக்கு, ஹாலந்தில் அந்த இழை அசைந்தது.

1927ல் அவர் காலமானார்.