அதோனிராம் ஜட்சன்

அதோனிராம் ஜட்சன் (ஆகஸ்ட் 9, 1788 – ஏப்ரல் 12, 1850) பர்மாவில் (இன்றைய மியான்மர்) சமயப்பணி ஆற்றிய அமெரிக்க பாப்டிஸ்ட் மதபோதகர் ஆவார். விவிலியம் முழுவதையும் பர்மிய மொழியில் மொழிபெயர்த்தவர்.

தொடக்கப் பணி

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் என்ற ஊரில் பிறந்தார். 1813 இல் மனைவி ஆன் உடன் ரங்கூனை அடைந்தார். முதல் பர்மியர் திருமுழுக்குப் பெற 1819 வரை காத்திருக்க நேர்ந்தது.

சிறைவாசம்

1824 இல் முதலாம் ஆங்கிலேய-பர்மியப் போர் மூண்டபோது, ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் ஆவா நகரில் சிறையிடப்பட்டார். கால்களில் விலங்கு பூட்டப்பட்டது. இரவில் மூங்கிற்கழியில் கால்கள் உயர்த்திக் கட்டப்பட்டன. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படியை ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து அவரிடம் சேர்ப்பித்தார். பின்னர் வீசியெறியப்பட்ட அத்தலையணையைச் சீடர் ஒருவர் எடுத்துக் காத்தமையால் கையெழுத்துப்படி தப்பியது.

இழப்பும் நம்பிக்கையும்

விடுதலைக்குப்பின், 1826 இல் ஆன் காலமானார். ஆறு மாதங்களில் மகள் மரியாவும் இறந்தாள். இறைவனின் அண்மையை உணர இயலாத துயரில் ஜட்சன் காட்டில் குடிசை அமைத்துத் தனித்து வாழ்ந்தார். தமக்கெனப் புதைகுழியும் தோண்டினார். எனினும் நம்பிக்கையையும் மொழிபெயர்ப்பையும் கைவிடவில்லை. 1834 இல் விவிலியம் முழுமை பெற்றது. திருத்திய பதிப்பு 1840 இல் வெளிவந்தது.

மறைவு

நோயுற்றுக் கப்பலில் செல்கையில் 1850 இல் காலமானார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. அவரது மொழிபெயர்ப்பு பர்மியக் கிறித்தவர்களிடையே இன்றும் வழக்கிலுள்ளது.